விட்ட இடத்திலிருந்து

உங்கள் விபத்து விசாரணை அறிக்கையின் நான்காம் பக்கத்தில் இரண்டு எழுத்துப் பிழைகள் இருக்கின்றன. மின்கலம் என்று வரவேண்டிய இடத்தில் இரண்டு முறையும் மின்களம் என்று இருக்கிறது. பென்சிலால் வட்டமிட்டு வைத்திருக்கிறேன்.

அதற்காக மட்டும் யாரும் இரண்டு பஸ் மாறி இவ்வளவு தூரம் வரமாட்டார்கள். நான் வந்தது ஐந்தாம் பக்கத்துக்காக. "அருகில் இருந்த ஆராய்ச்சியாளர் பதற்றத்தில் செய்வதறியாது நின்றுவிட்டதால், மின்சாரத்தைத் துண்டிக்கப் பதினொரு நிமிடம் தாமதமாகியிருக்கிறது" என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த ஆராய்ச்சியாளர் நான்தான். எனக்குப் பதற்றம் வராது.

பரிவோடுதான் எழுதியிருக்கிறீர்கள், தெரிகிறது. குடும்பத்தில் ஒரு சாவு, பாவம் மனிதர் என்று நினைத்திருப்பீர்கள். ஆனால் இருபத்தெட்டு வருடம் அளந்து அளந்து வேலை செய்த ஒருவனை, கை கால் உதறிப்போய் நின்றான் என்று கோப்பில் ஏற்றுவது சரியில்லை. நாங்கள் எல்லோரும் போன பிறகும் அந்தக் கோப்பு இருக்கும். அதனால் நடந்ததைச் சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள். நடுவில் கேள்வி கேட்க வேண்டாம். உங்களுக்குப் புரியாத இடம் எது என்று எனக்கே தெரியும், அங்கே நிறுத்திச் சொல்கிறேன்.

முதலில் என் வேலை. உடம்பில் ஒவ்வொரு செல்லின் சுவரிலும் புரதத்தால் ஆன சின்னஞ்சிறிய வாசல்கள் இருக்கின்றன. எதனால் அந்த வாசல் திறக்கிறது, எப்படித் திறக்கிறது என்பது என் ஆராய்ச்சி. கண்ணால் பார்க்க முடியாது. ஆகவே அந்த வாசலையும் அதைச் சுற்றியுள்ள தண்ணீரையும் ஏழு லட்சம் அணுக்களாகக் கணினிக்குள் கட்டிவைத்து, எந்த அணு எதைத் தள்ளுகிறது, எதை இழுக்கிறது என்று கணக்கிட்டு எல்லாவற்றையும் ஒரு அடி நகர்த்துவோம். மறுபடி கணக்கு, மறுபடி ஒரு அடி. இப்படி ஐநூறு கோடி அடி வைத்தால், ஒரு நொடியில் லட்சத்தில் ஒரு பங்கு நேரம் நகர்ந்திருக்கும். அவ்வளவுதான். அதற்கே எங்கள் நிறுவனத்தின் கணினிகள் ஐந்து மாதம் மூச்சு விடாமல் ஓட வேண்டும். சிமுலேஷன் என்று உங்கள் தட்டச்சர் சரியாகவே அடித்திருக்கிறார்.

ஐந்து மாத ஓட்டம் எங்காவது நிற்கத்தான் செய்யும். அதற்காகக் கால் மணிக்கு ஒருமுறை, எந்த அணு எங்கே நிற்கிறது, எந்த வேகத்தில் எந்தப் பக்கம் போய்க்கொண்டிருக்கிறது என்று எல்லாவற்றையும் ஒரு கோப்பில் எழுதி வைத்துக்கொள்ளும். நின்றுபோனால் அந்தக் கோப்பைக் கொடுத்து, விட்ட இடத்திலிருந்து தொடர் என்று ஒரு வரி தட்டினால் போதும். அதிகம் போனால் கால் மணி வேலை வீணாகும். சேர்ந்த முதல் வாரத்திலேயே எல்லோரும் கற்றுக்கொள்கிற விஷயம்.

இனி இறந்தவர். 'மின்பிரிவுக் கண்காணிப்பாளர்' என்று மரியாதையாக எழுதியிருக்கிறீர்கள். என் மச்சினன். என் மனைவிக்கு ஒரே தம்பி. அந்த வேலையில் அவனைச் சேர்த்துவிட்டதே நான்தான். மனைவி இரண்டு மாதம் கேட்டாள். மூன்றாம் மாதம் ஒரு ஆளைப் பார்த்துச் சொன்னேன். ஆறு வருடம் ஆகிறது.

நிறுவனத்தில் அவனுக்கு வைத்த பெயர் கரண்ட். "கரண்ட் போச்சா?" என்று ஒருவர் கேட்பார். "இல்ல, டீ குடிக்கப் போயிருக்கு" என்று இன்னொருவர் சொல்வார். இதையே ஆறு வருடம் தினமும் சொல்லித் தினமும் சிரித்தார்கள். படித்தவர்கள்தான். இயக்குநருக்கு என் பெயர் சட்டென்று வாயில் வராது, ஆராய்ச்சியை வைத்து 'நம்ம வாசல்காரர்' என்பார். அவனைப் படியில் பார்த்தால் தோளில் கை போட்டுக்கொண்டு போவார். யார் வீட்டில் மோட்டார் ஓடவில்லை என்றாலும், யார் வண்டி கிளம்பவில்லை என்றாலும் அவன்தான். கையில் எப்போதும் ஒரு ஸ்க்ரூடிரைவர். பேசும்போது அதால் முதுகைச் சொறிந்துகொள்வான்.

எங்கள் வீட்டுக்கு வந்தால் சோபாவில் என் இடத்தில்தான் உட்காருவான். "மாமா எடம்னு தெரியும். சூடு பண்ணி வைக்கறேன்" என்பான். என் மனைவி அதற்கும் சிரிப்பாள். நான் சொன்ன எதற்காவது அவள் அப்படிச் சிரித்தாளா என்று யோசித்துப் பார்த்திருக்கிறேன். இதை வெறுப்பு என்று எழுதிக்கொள்ள வேண்டாம். பார்த்ததைச் சொல்கிறேன்.

முதல் முறை ஓட்டம் நின்றது போன வருடம். தொண்ணூற்று மூன்றாம் நாள். மூன்று நாளாக அந்த வாசல் அசைந்துகொண்டிருந்தது. உலகத்தில் ஐந்தாறு ஆராய்ச்சிக் குழுக்கள் இதற்காகக் காத்திருக்கின்றன, எங்கள் திரையில் அசைகிறது. யாரிடமும் சொல்லவில்லை. சனிக்கிழமை வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அப்போது அவன் ஜெனரேட்டரைச் சோதித்துப் பார்க்க வெளி மின்சாரத்தை நிறுத்தினான். யுபிஎஸ் பத்து நிமிடம் தாங்க வேண்டும், நாலு நிமிடத்தில் படுத்துவிட்டது. எல்லாம் அணைந்தது. அணைந்து எரிந்ததில் இரண்டு கணினிகள் கருகிப்போயின.

அறிவிப்புப் பலகையில் ஒரு வாரம் முன்பே ஒட்டியிருந்தானாம். நான் பலகையெல்லாம் பார்ப்பதில்லை. பேட்டரி பழசாகிவிட்டது, மாற்ற வேண்டும் என்று மூன்று முறை எழுதிக் கொடுத்தானாம். கொடுத்திருந்தான். கொள்முதல் குழுவில் நானும் இருந்தேன். பேட்டரி அடுத்த வருடம் வாங்கலாம், இப்போது கணினி வாங்குவோம் என்று எழுதியது நான். அது சரியான முடிவுதான். கணினி இல்லாமல் பேட்டரி எதற்கு.

கோப்பு இருந்ததா என்பீர்கள். இருந்தது, பாதி. கணினியின் சேமிப்பு வட்டில் இடம் நிரம்பிப்போயிருந்ததால் நாற்பது நாளாக எழுதியதெல்லாம் அரைகுறையாக விழுந்திருக்கிறது. நிரப்பியவை என்னுடைய பழைய கோப்புகள்தான் என்றார்கள். இருக்கலாம். முழுசாக இருந்தது ஐம்பத்தோராம் நாள் நான் தனியாக எடுத்துவைத்த ஒரு நகல். அதிலிருந்து மறுபடி ஆரம்பித்தேன்.

இங்கே உங்களுக்குப் புரியாது, நிறுத்துகிறேன். அதே ஐம்பத்தோராம் நாளிலிருந்து ஆரம்பித்தால் அதே தொண்ணூறாம் நாளுக்கு வந்து சேரும் என்றுதானே நினைப்பீர்கள். சேராது. இரண்டு கணினிகள் குறைந்துவிட்டதால் கணக்கைப் பிரித்துக் கொடுக்கும் விதம் மாறுகிறது. கூட்டுகிற வரிசை மாறினால் பதினைந்தாவது தசமத்தில் ஒரு எண் மாறும். அந்த ஒரு எண் கொஞ்ச நேரத்தில் எல்லா அணுவையும் வேறு வழியில் கொண்டுபோய்விடும். கணக்கு தப்பில்லை, ஆனால் அது வேறு ஓட்டம். நான் பார்த்த அசைவு அந்தச் சனிக்கிழமையோடு போயிற்று. திரும்பக் கூப்பிட வழி கிடையாது.

மறுநாள், ஞாயிற்றுக்கிழமை, மாமியார் வீட்டில் சாப்பாடு. ஒன்பது பேர் இருந்தோம். நான் இலையைப் பார்த்துச் சாப்பிட்டேன். அவனே ஆரம்பித்தான்.

"மாமா என்மேல கோவமா இருக்காரு. ரன் நின்னு போச்சாம்."

"நீதான நிறுத்தின?" என்றாள் என் மனைவி.

"நிறுத்தினா என்னக்கா, திரும்ப ஓட விட்டாச்சே." என் பக்கம் திரும்பினான். "மாமா, கம்ப்யூட்டர்தான ஓடுது, நீங்களா ஓடறீங்க?"

எல்லோரும் சிரித்தார்கள். மாமியாருக்குப் புரையேறியது. என் மனைவி புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். என்னைத் தவிர எட்டுப் பேர். நான் எண்ணினேன். வரும் வழியில், "அவன் சும்மா சொன்னான். மூஞ்சியத் தூக்கி வச்சுக்காதீங்க" என்றாள். நான் எதையும் தூக்கி வைத்துக்கொள்ளவில்லை என்றேன்.

அதற்கப்புறம் நடந்ததை உங்கள் அறிக்கை ஓரளவு சரியாகவே சொல்கிறது. புது ஓட்டத்தில் தொண்ணூறாம் நாள் வந்தது, தொண்ணூற்று மூன்று வந்தது, வாசல் அசையவில்லை. நூறு, நூற்றிருபது. தினம் காலையில் போய் அதே மூடிய வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவன் கடந்து போகும்போதெல்லாம், "என்ன மாமா, கதவத் தொறந்தாங்களா?" என்பான். அக்கறையாகத்தான் கேட்டான் என்று மனைவி சொல்கிறாள். இருக்கட்டும். நூற்று முப்பத்தெட்டாம் நாள் அசைந்தது. ஒரு பக்கம் மட்டும், மிக லேசாக. சம்பவம் நடந்தது நூற்று நாற்பத்தோராம் நாள். அதாவது மறுபடியும் மூன்றாம் நாள்.

அன்று காலை பதினொன்று முப்பதுக்கு நான் தரைக்குக் கீழே உள்ள சர்வர் அறையில் என் மேசையில் இருந்தேன். மற்றவர்கள் மேலே ஒரு கூட்டத்துக்குப் போயிருந்தார்கள். அழுகின முட்டை நாற்றம் வந்தது. அவன் படியிறங்கி வந்தான். ஸ்க்ரூடிரைவர் சட்டைப்பையில் இருந்தது. வழக்கமான சிரிப்பு இல்லை.

"மாமா, பேட்டரி கொதிக்குது. சார்ஜர் கட்டுப்பாடு இல்லாம ஏத்திட்டே இருக்கு. எல்லாத்தையும் அணைச்சாகணும்."

"இன்னிக்கா?"

"இப்பவே. அஞ்சு நிமிஷம் தரேன், உங்க வேலைய மூடிக்கங்க."

பேட்டரி நாலு வரிசையாக இருப்பது எனக்குத் தெரியும். ஒரு வரிசைதான் கெட்டிருக்கும், அதை மட்டும் கழற்றிவிட்டால் மற்றவை தாங்கும் என்றேன்.

"முடியும். ஆனா உள்ள காத்து சரியில்ல மாமா. மொதல்ல அணைச்சிட்டு, ஃபேன் போட்டு, அப்புறமா போறதுதான் முறை."

"ரெண்டு நிமிஷ வேலை. போன தடவ எனக்கு ஆனது உனக்குத் தெரியும்."

அவன் என்னைப் பார்த்தான். அந்த ஞாயிற்றுக்கிழமை அவனுக்கும் ஞாபகம் வந்திருக்க வேண்டும். "சரி, உங்களுக்காக" என்றான். உங்களுக்காக என்றுதான் சொன்னான், அதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். மறைக்க எனக்கு ஒன்றும் இல்லை.

பேட்டரி அறை சர்வர் அறைக்குள்ளேயே ஒரு மூலையில் இருக்கிறது. இரும்புக் கதவு, காந்தப் பூட்டு. வெளியிலிருந்து மின்பிரிவுக்காரர்களின் அட்டை காட்டினால் திறக்கும், என் அட்டைக்குத் திறக்காது. உள்ளேயிருந்து வர ஒரு பொத்தான் உண்டு, அது ஐந்து மாதமாக வேலை செய்யவில்லை. ஒப்பந்தக்காரர் நாளை நாளை என்று சொல்லிக்கொண்டிருந்தார். அதனால் உள்ளே போகும்போதெல்லாம் கதவுக்கு ஒரு ஸ்டூலை முட்டுக்கொடுத்துவிட்டுப் போவான். அன்றும் வைத்தான். ஸ்டூல் தானாகச் சரிந்து கதவு சாத்திக்கொண்டது என்று ஆறாம் பக்கத்தில் ஊகித்திருக்கிறீர்கள். இல்லை. நான் எடுத்தேன்.

இது கேட்பதற்கு ஒரு மாதிரி இருக்கும், காரணத்தைக் கேளுங்கள். திறந்த கதவு வழியாக, பேட்டரியிலிருந்து கிளம்பிய அந்த முட்டை நாற்ற வாயு முழுதும் சர்வர் அறைக்குள் வந்துகொண்டிருந்தது. அது செம்பை அரிக்கும். கணினிப் பலகைகளில் இருப்பதெல்லாம் செம்பும் வெள்ளியும்தான். இரண்டு நிமிடம் கதவு மூடியிருந்தால் ஒன்றும் ஆகிவிடாது என்று கணக்கிட்டேன். எழுந்து போய் ஸ்டூலைக் காலால் நகர்த்தினேன். கதவு மெதுவாக வந்து ஒட்டிக்கொண்டது. சின்னதாக ஒரு சத்தம். திரும்பி வந்து உட்கார்ந்தேன். திரையில் வாசல் அன்றைக்கு நன்றாகவே அசைந்துகொண்டிருந்தது.

பதினொன்று முப்பத்தாறுக்கு முதல் தட்டல்.

"மாமா, கதவு சாத்திக்கிச்சு. தொறங்க."

அட்டை அவன் கழுத்தில் உள்ளே இருந்தது. வெளியிலிருந்து திறக்க ஒரே வழி சுவரில் உள்ள சிவப்புப் பொத்தான். அதை அமுக்கினால் அந்தத் தளம் முழுவதும் மின்சாரம் போகும், காந்தம் விட்டுவிடும், கதவு திறக்கும். கூடவே என் ஓட்டமும் போகும். மேசையிலிருந்து அது ஆறு அடி. இதெல்லாம் உங்கள் வரைபடத்தில் சரியாகவே இருக்கிறது.

நான் பதறவில்லை. இதைத்தான் சொல்ல வந்தேன். உட்கார்ந்து யோசித்தேன். கோப்பு அடுத்த முறை எழுதப்பட இன்னும் பதினொரு நிமிடம் இருந்தது. எழுதிய பிறகு அமுக்கினால் ஒரு அடிகூட வீணாகாது. முன்னாலேயே அமுக்கினால், எழுதாத அந்தக் கொஞ்ச நேரம் போகும். கொஞ்ச நேரம்தானே என்பீர்கள். சரியாக எந்தக் கொஞ்ச நேரத்தில் அந்த வாசல் திறக்கும் என்று யாருக்கும் தெரியாது. அந்தப் பக்கம், ஆரோக்கியமான முப்பத்தைந்து வயது ஆள். பதினொரு நிமிடம் தாங்குவான் என்று மதிப்பிட்டேன். டாக்டர்கள் தினமும் இப்படி மதிப்பிடுகிறார்கள்.

எழுந்து கதவருகே போய், "பத்து நிமிஷம் பொறு" என்றேன்.

"என்னது?"

"கோப்பு எழுதட்டும். எழுதின ஒடனே தொறக்கறேன்."

கைப்பிடியை இழுத்து ஆட்டும் சத்தம் கேட்டது. பிறகு, "மாமா, வெளையாடாதீங்க" என்றான்.

தரையில் உட்கார்ந்துகொள், மெதுவாக மூச்சு விடு என்று சொன்னேன். அவனைச் சும்மா விட்டுவிடவில்லை என்பதற்காகச் சொல்கிறேன். புகை நிறைந்த அறையில் அப்படித்தான் செய்யச் சொல்வார்கள். இந்த வாயு புகை மாதிரி இல்லை, காற்றைவிடக் கனமானது, தரையோடு தங்கும். வேதியியல் படித்தவன், எனக்குத் தெரியும். அந்த நேரத்தில் தோன்றவில்லை.

மேசையில் உள்தொடர்புத் தொலைபேசி இருந்தது. மேலே காவல் மேசையில் ஒரு அம்மா உட்கார்ந்திருப்பார், கூப்பிட்டால் ஓடிவந்திருப்பார். வந்தவர் நேராகப் பொத்தானில்தான் கை வைப்பார். அதனால் கூப்பிடவில்லை.

அவன் தட்டிக்கொண்டிருந்தான். முதலில் கையால், பிறகு ஸ்க்ரூடிரைவரால், ஒரே சீராக. அந்தச் சத்தம் எனக்குத் தொந்தரவாக இருந்தது, அதை ஒப்புக்கொள்கிறேன். ஒருமுறை கதவுக்கு மிக அருகே வந்து பேசினான். குரல் கம்மியிருந்தது.

"பட்டன அமுக்குங்க மாமா. ரன் போனா போகட்டும். எல்லாரும் திட்டினா நான் நிறுத்தினேன்னு சொல்லிக்கறேன்."

அப்போதும் அவனுக்கு அது விளையாட்டாகத்தான் இருந்திருக்கிறது பாருங்கள். என் ஐந்து மாதத்தை அவன் போனால் போகட்டும் என்கிறான். பிறகு ஒருமுறை "அக்கா" என்றான். அவள் அங்கே இல்லை. அந்த வாயு மூளையைக் குழப்பும் என்று படித்திருக்கிறேன்.

நடுவில் தட்டல் நின்றது. களைத்துப்போய் உட்கார்ந்துவிட்டான், நான் சொன்னதைக் கேட்டுவிட்டான் என்று எடுத்துக்கொண்டேன். கோப்பு எழுதப்பட்டது. பொத்தானை அமுக்கினேன். பதினொன்று நாற்பத்தேழு, உங்கள் மின்மானிக் கணக்கும் அதையே சொல்கிறது. விளக்குகள் அணைந்தன, கதவு விட்டது. கைக்குட்டையை மூக்கில் கட்டிக்கொண்டு நான்தான் அவனை வெளியே இழுத்தேன். கதவோரம் தரையில் இருந்தான். படியில் பாதிவரை இழுத்துக்கொண்டு போய்க் கத்தினேன். காவல் அம்மா வந்தார். ஆம்புலன்ஸ் வந்தது. மற்றதெல்லாம் அறிக்கையில் இருக்கிறது.

மூன்று நாள் அந்தத் தளத்தைப் பூட்டி வைத்திருந்தீர்கள். நாலாம் நாள் மின்சாரம் கொடுத்ததும் எனக்குச் செய்தி வந்தது. அப்போது மாமியார் வீட்டில் இருந்தேன். வீடு நிறைய ஆட்கள். மாமியார் ஒரே இடத்தில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். நான் உள் அறையில், கட்டில்மேல் மடிக்கணினியை வைத்துக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து தொடர் என்று அந்த ஒரு வரியைத் தட்டினேன். தொடர்ந்தது. அதே கணினிகள், அதே எண்ணிக்கை, ஒரு அடிகூடப் பிசகவில்லை. வாசலில் என் மனைவி நின்றுகொண்டிருந்தாள்.

"ஆபீஸ் வேலையா?"

"ஆமா. ஒரே நிமிஷம்."

"அவன் கடைசியா ஏதாவது சொன்னானா?"

இல்லை என்றேன். சொல்லியிருந்தால் அவளுக்கு இன்னும் கஷ்டமாக இருந்திருக்கும். அவள் விஷயத்தில் நான் எப்போதுமே பார்த்துப் பார்த்துத்தான் நடந்துகொள்வேன்.

பதினேழு நாள் கழித்து வாசல் முழுதாகத் திறந்தது. கட்டுரை அனுப்பியாயிற்று. நன்றி சொல்லும் பகுதியில் முதல் பெயர் அவனுடையது. அதை வாசித்துவிட்டு மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டாள். அப்படிப் பிடித்து ரொம்ப நாள் ஆகிறது. வீட்டில் இப்போது சத்தம் இல்லை. நிறுவனத்திலும் அந்தக் கரண்ட் பேச்சை யாரும் எடுப்பதில்லை.

ஆகவே, ஐந்தாம் பக்கத்தில் பதற்றம் என்ற சொல்லை அடித்துவிடுங்கள். 'ஆராய்ச்சித் தரவைப் பாதுகாக்க எடுத்த முடிவு, மதிப்பீட்டில் நேர்ந்த பிழை' என்று போடலாம். பிழை என்பதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. மனிதர்களுக்குப் பிழை நேரும். கையெழுத்து எங்கே போட வேண்டும்?

அது என்ன தாள்?

லாக், கணினிப் பதிவேடு. யார் கொடுத்தார்கள், கணினிப் பிரிவில் இருக்கிற பெண்ணா? அவளுக்கு வேறு வேலை கிடையாது. கொடுங்கள். ஆமாம், இது என் ஓட்டத்துடையதுதான். ஒவ்வொரு முறை கோப்பு எழுதும்போதும் ஒரு வரி விழும். பதினொன்று இருபது. பதினொன்று முப்பத்தைந்து. ஆமாம், கால் மணிக்கு ஒருமுறை. அடுத்தது பதினொன்று ஐம்பதுக்கு வரவேண்டும், அதுவும் சரி. கணக்கு நன்றாகப் போடுகிறீர்கள்.

நாற்பத்தாறில் இருக்கிற இந்த வரியா?

அது நிறுத்தச் சொல்லும் கட்டளை. கணினி தானாகப் போட்டுக்கொண்டதில்லை, என் மேசையிலிருந்து போனது. அதைத் தட்டினால் ஓட்டம் கையிலிருக்கும் அடியை முடித்து, எல்லாவற்றையும் கோப்பில் எழுதிவிட்டு, தானே நிற்கும். கால் மணியெல்லாம் காத்திருக்க வேண்டாம். எந்த நேரத்திலும் தட்டலாம். இரண்டு நொடி ஆகும். பெரிய ஓட்டமாக இருந்தால் மூன்று.

தெரியும். புதிதாக வருகிறவர்களுக்கு இதைச் சொல்லிக்கொடுப்பதே நான்தான்.

முப்பத்தாறுக்கே தட்டியிருக்கலாமே என்கிறீர்கள். தட்டியிருக்கலாம். ஓட்டத்துக்கும் ஒன்றும் ஆகியிருக்காது, ஒரு அடிகூட.

கதவில் சத்தம் நின்றது நாற்பத்து மூன்றுக்கு. திரை மூலையில் மணி பார்த்தேன். இன்னும் மூன்று நிமிடம், மறுபடி வருகிறதா என்று கேட்டுக்கொண்டிருந்தேன். பிறகு கட்டளையைத் தட்டினேன். ஐம்பதுவரைக்கும் உட்கார்ந்திருக்கலாம்தான். ஆனால் அதற்குமேல் காத்திருக்க எனக்கு எதுவும் இருக்கவில்லை.